மார்க் கம்மின்னா, பரீட்சை எப்படி நடந்துச்சுன்னும் கேளுங்க

ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்துட்டா புதுச்சேரி ஆரம்பம். கடலூர்ல பஸ் ஏறி கன்னியகோயில் போறவங்களுக்கு ரோட்டோர போர்டைப் பாத்தாதான் மாநிலம் மாறிடுச்சுன்னே தெரியும், மத்தபடி அதே வயலு, அதே சவுக்கு, அதே பேச்சு, அண்ணன் வீடு இந்தப் பக்கம்னா தம்பி வீடு அந்தப் பக்கம் இருக்கும். ஆனா ரெண்டு வீட்டுலயும் பத்தாவது படிக்கற புள்ளைங்க எழுதற பரீட்சை இப்ப வேற வேற. முன்னாடி புதுச்சேரி, காரைக்கால் ரெண்டும் நம்ம தமிழ்நாட்டு ஸ்டேட் போர்டையேதான் ஃபாலோ பண்ணாங்க. அங்க அரசுப் பள்ளிகளைப் படிப்படியா சிபிஎஸ்இக்கு மாத்தி, 2025ல தான் பத்தாவதும் பன்னண்டாவதும் முதல் தடவையா சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம் எழுதுனாங்க. அப்புறம் காதுகுத்து, வளைகாப்புன்னு சொந்தக்காரங்க ஒண்ணா கூடுற எடத்துல எல்லாம் ஒரே பேச்சுதான், இவ எவ்ளோ, அவன் எவ்ளோ, ஏன் அவன் இவ்ளோ கம்மி. அந்தப் புள்ளைங்க தலையைக் குனிஞ்சுகிட்டு சாப்புடறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, அதுக்குத்தான் இதை எழுதறேன்.

2021ல அரசோட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா சேந்தேன், அதுல இருந்து சாயங்காலத்துல எங்க தெரு புள்ளைங்க கூடத்தான் என் நேரம் போகுது. ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் வராங்க. இத்தனை நாள்ல எனக்குத் தெளிவா புரிஞ்சது இதுதான், ஒரு மார்க் அந்தப் புள்ளையோட அறிவை மட்டும் காட்டறது இல்ல, அந்தப் பரீட்சைய யாரு வெச்சாங்க, எந்த மொழில வெச்சாங்க, எந்த நேரத்துல, எந்த மாதிரி ஹால்ல, என்ன சொல்லிட்டு வெச்சாங்க, எல்லாமே அந்த நம்பருக்குள்ள ஒளிஞ்சு இருக்கு. மீன் மார்க்கெட்டுல தராசுத் தட்டு சாஞ்சிருந்தா நாம மீனைத் திட்ட மாட்டோம், தராசைத்தான் சரி பண்ணச் சொல்லுவோம். புள்ளைங்க விஷயத்துல மட்டும் நேரா புள்ளையத் திட்டறோம்.

அந்த ரெண்டு போர்டையே எடுத்துக்கோங்க. நம்ம பத்தாவதுல பத்து மணிக்கு கொஸ்டின் பேப்பர் குடுத்து பத்து நிமிஷம் படிக்க விடறாங்க, அடுத்த அஞ்சு நிமிஷம் போட்டோ போட்ட முகப்புத்தாள்ல விவரம் சரிபாக்கறது, 10:15க்கு எழுத ஆரம்பிச்சா 1:15 வரைக்கும். சிபிஎஸ்இல 10:15ல இருந்து 10:30 வரைக்கும் படிக்க மட்டும், அப்புறம் 1:30 வரைக்கும் எழுதலாம். இங்க பாஸ் 35, அங்க 33 பர்சென்ட். அங்க பேப்பர் 80க்கு, மிச்சம் 20 ஸ்கூல்லயே போடற இன்டர்னல். இங்க சயின்ஸுக்கு மட்டும்தான் 25 பிராக்டிகல், மத்ததெல்லாம் அன்னைக்கு அந்த மூணு மணி நேரத்துல என்ன எழுதறோமோ அதுதான். இங்க புக் பேக் கேள்வியை நல்லா படிச்சா ஒரு தைரியம் வரும், அங்க ஒரு பத்தி குடுத்து அதுக்குக் கீழ கேள்வி, கூற்று காரணம்னு வேற மாதிரி வருது. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரு கெட்டிக்காரங்கன்னு எப்படி சொல்ல முடியும்?

இதுல எனக்கு ரொம்ப கவலை மொழிதான். ஸ்டேட் போர்டு பேப்பர்ல தமிழ் மீடியம் புள்ளை தமிழ்லயே கேள்வி படிக்கும். சிபிஎஸ்இ பேப்பர் இங்கிலீஷ்லயும் இந்திலயும்தான் அச்சாகி வருது. புதுச்சேரி பாகூர் பக்கத்துல இருந்து எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் லீவுக்கு வந்திருந்தான், ஒளிவிலகல் பத்தி தமிழ்ல கேட்டா டம்ளர் தண்ணில பென்சில விட்டுக் காட்டி, ஏன் ஒடஞ்ச மாதிரி தெரியுதுன்னு அழகா விளக்குறான், அதே விஷயத்தை நாலு வரி இங்கிலீஷ் பத்தியா குடுத்தா ரெண்டாவது வரிலயே நின்னுட்டான். அவனுக்கு சயின்ஸ் தெரியலையா, இல்ல அந்தப் பத்தியைப் படிக்க டைம் பத்தலையா? மார்க் ஷீட்டுல சயின்ஸ்னு ஒரு கட்டம்தான் இருக்கு, இங்கிலீஷ்ல படிச்சு புரிஞ்சுக்கறதுக்குன்னு அதுக்குள்ள தனியா கட்டம் இல்லையே. சிபிஎஸ்இ வேணாம்னு நான் சொல்ல வரல. மாத்துனா மொழிக்குத் தனியா கை குடுக்கணும், அது ஆறாவதுலயே ஆரம்பிக்கணும், பத்தாவதுல வந்து ஸ்பெஷல் கிளாஸ் வெச்சா போதாது.

அடுத்தது ஓஎம்ஆர் ஷீட், அதாவது விடைக்கான வட்டத்தைக் கருப்பாக்கற, மெஷின் திருத்தற தாள். எட்டாவது புள்ளைங்களுக்கு என்எம்எம்எஸ்னு ஒரு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருக்கு, செலக்ட் ஆனா ஒன்பதாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் மாசம் 1000 ரூபா, வருஷத்துக்கு 12,000. கடலுக்குப் போற வீட்டுக்கும், பண்ருட்டி பக்கம் முந்திரிக் கொட்டை ஒடைக்கப் போற வீட்டுக்கும் அது எவ்ளோ பெரிய காசுன்னு சொல்ல வேண்டியது இல்ல. அதுல மனத்திறன் 90 கேள்வி, படிப்பு சம்பந்தமா 90 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 90 நிமிஷம், அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷத்துலயே வட்டத்தையும் கருப்பாக்கணும். வாழ்க்கைல அதுவரைக்கும் பேனாவால வரி வரியா எழுதியே பழகுன புள்ளை, திடீர்னு அந்த வட்டமா இருக்கற ஷீட்டைக் கைல வாங்குது.

எங்ககிட்ட வந்த ஒரு பொண்ணு, கணக்குல கெட்டி, பழைய கொஸ்டின் பேப்பரை வெச்சு மாதிரித் தேர்வு எழுதுச்சு. திருத்திப் பாத்தா 23 வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாம் ரைட்டு, அதுக்கு மேல மளமளன்னு தப்பு. கூப்புட்டு உக்கார வெச்சு, ஷீட்டை மூடிட்டு வாயால கேட்டேன், பட்டு பட்டுன்னு சரியா சொல்லுது. அப்புறம் ஷீட்டை உத்துப் பாத்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது. 24வது கேள்வி கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டு 25க்குப் போயிருக்கு, ஆனா 25க்கான விடைய 24வது வரிசைல கருப்பாக்கிடுச்சு, அதுல இருந்து கடைசி வரைக்கும் எல்லாமே ஒரு வரிசை மேல ஏறிப் போச்சு. கணக்குல ஒரு தப்பும் இல்ல, வட்டத்துலதான் தப்பு, ஆனா மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இப்ப நாங்க ஜெராக்ஸ் கடைல ஓஎம்ஆர் மாதிரி ஷீட்டு எடுத்து வெச்சிருக்கோம், எடது கை விரலை கேள்வி நம்பர் மேல வெச்சுகிட்டு வாயால ஒரு தடவை சொல்லிட்டுதான் வட்டம் போடணும், ஒரு கேள்விய விட்டா அந்த வரிசைக்குப் பக்கத்துல கேள்வித்தாள்லயே ஒரு புள்ளி வெக்கணும். எட்டாவது வரைக்கும் காத்திருக்காம ஆறாவதுலயே இதைப் பழக்குங்கன்னு ஸ்கூல் டீச்சருங்க கிட்டயும் கேட்டுகிட்டே இருக்கேன்.

சின்னப் புள்ளைங்களுக்கு பேப்பரை விட ஆளுதான் பரீட்சை. அரசுப் பள்ளில சின்ன வகுப்புங்களுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்களைப் பிரிச்சு, அவங்க அவங்க நிலைல இருந்து சொல்லித் தராங்க, அந்தத் திட்டத்தை நான் மனசார ஆதரிக்கறேன். ஒரு தடவை வெளிய இருந்து சிலர் வந்து புள்ளைங்களைப் படிக்கச் சொல்லி சோதிச்சாங்க. நாலாவது படிக்கற ஒரு பையன், தெனமும் என் பக்கத்துல உக்காந்து பத்தி பத்தியா படிக்கறவன், அன்னைக்கு வாயே தொறக்கல. அவங்க திட்டல, மெரட்டல, நல்லவங்கதான். ஆனா நின்னுகிட்டு இருந்தாங்க, ஷூ போட்டுகிட்டு இருந்தாங்க, கைல போன வெச்சு எதையோ அழுத்திகிட்டே கேட்டாங்க, பேரு என்ன அப்பா என்ன பண்றாருன்னு முதல்லயே கேட்டாங்க. அவன் கால் கட்டை விரலால தரைய நோண்டிகிட்டு நின்னான். வாசிக்கத் தெரியலன்னு குறிச்சுகிட்டாங்க. அவங்க வண்டி தெரு முனை திரும்பல, அவன் ஆயா பக்கத்துல திண்ணைல உக்காந்து அதே பக்கத்தை தடங்கல் இல்லாம படிக்கறான். அந்த ஆயா என்னைப் பாத்து, "இப்ப எழுதிக்கச் சொல்லும்மா"ன்னாங்க. என்ன பதில் சொல்றது.

இது எங்க தெருவுல மட்டும் நடக்கற கதை இல்ல. 1986லயே அமெரிக்காவுல டக்ளஸ் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ்னு ரெண்டு பேரு அதுக்கு முன்னாடி நடந்த பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து எழுதியிருக்காங்க, பழகுனவங்க டெஸ்ட் வெச்சா புள்ளைங்க கூடுதலா மார்க் வாங்குறாங்க, அதுலயும் வசதி கம்மியான வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான் அந்த வித்தியாசம் பெருசுன்னு. வசதியான வீட்டுப் புள்ளை புது ஆளுங்க கிட்ட பேசிப் பழகி இருக்கும், நம்ம புள்ளைக்கு புது ஆளுன்னாலே கந்து வசூலுக்கு வரவங்கதான். 2005ல இருந்து பிரதம்ங்கற கல்வி அமைப்பு, புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியுதான்னு பாக்க நடத்தற ஏசர் சர்வேல வீட்டுக்கே போயி, புள்ளை பக்கத்துல உக்காந்து, ஒருத்தருக்கு ஒருத்தரா கேக்கறாங்க, முதல்ல ஒரு சின்னப் பத்தி, அது வந்தா கதை, வரலன்னா தனித்தனி வார்த்தை, அதுவும் வரலன்னா எழுத்து. அந்த மொறைல குறை சொல்றவங்களும் இருக்காங்க, ஆனா அந்தப் புள்ளைக்கு தெரிஞ்ச எடம் எதுன்னு தேடிப் போயி நிக்கற அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும்.

அடுத்து சொல்லப்போறது சில பேருக்குக் கசக்கும். உத்தரப் பிரதேச கிராமத்துல கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க ஆறாவது ஏழாவது படிக்கற பையன்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2006ல அதைப் பத்தி கட்டுரை வந்துச்சு. வழி கண்டுபிடிக்கற புதிர் குடுத்து, எவ்ளோ முடிக்கறாங்களோ அதுக்குத் தகுந்த காசு. சாதி பத்தி ஒண்ணும் பேசாம வெச்சப்ப உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதின்னு ரெண்டு தரப்புப் பையன்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. அதே புதிரை, எல்லாரும் இருக்கறப்ப பையன் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு, சாதின்னு சத்தமா படிச்சுட்டு வெச்சப்ப, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்க முடிச்ச புதிரோட எண்ணிக்கை நல்லா எறங்கிப் போச்சு. அறிவு அஞ்சு நிமிஷத்துல கொறையாது. அந்த ரூம்ல சொன்ன வார்த்தைதான் கொறச்சுது.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம கிளாஸ் ரூமெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஸ்காலர்ஷிப் லிஸ்டுக்கு சாதி சொல்லி எழுந்து நிக்கச் சொல்றது, எங்கயோ இன்னும் நடந்துகிட்டுதான் இருக்கு, அதுவும் டெஸ்ட் அன்னைக்குக் காலைல நடந்தா அந்தப் புள்ளை என்ன மனசோட பேனா எடுக்கும்? அப்புறம் பேப்பர் திருப்பிக் குடுக்கறப்ப கொறஞ்ச மார்க்ல இருந்து வரிசையா பேரு கூப்புடறது. மார்க் படி பெஞ்ச் மாத்தி உக்கார வெக்கறது. பொதுத் தேர்வுல ஸ்டேட் ரேங்க் அறிவிக்கறதை தமிழ்நாடு அரசு 2017லயே நிறுத்திடுச்சு, ரொம்ப நல்ல முடிவு, ஆனா வாரா வாரம் வைக்கற ஸ்லிப் டெஸ்டுல நாம அதே ரேங்க்கைத்தான் வேற வழில கொண்டு வரோம். எங்க சென்டர்ல பேப்பரை நாலா மடிச்சு அவங்கவங்க கைல குடுக்கறோம், மார்க் உள்பக்கம் இருக்கும், காட்டணுமா வேணாமான்னு அந்தப் புள்ளைதான் முடிவு பண்ணும். இது வந்த பிறகு டெஸ்ட் அன்னைக்கு வயித்து வலின்னு லீவு போடறது கொறஞ்சிருக்கு, அதை நான் கண்ணால பாக்கறேன்.

வெயில், நேரம், இதையும் சொல்லிடறேன். 2022ல கொரோனாவால தள்ளிப்போயி பத்தாவது பரீட்சை மே 6ல இருந்து 30 வரைக்கும் நடந்துச்சு, கிட்டத்தட்ட அக்னி நட்சத்திரம் முழுக்க. கரண்ட் போயி ஃபேன் நின்னா கை வேர்த்து பேப்பர் ஒட்டும், மை கலையும், கடல்காத்து மதியத்துக்கு மேலதான் உள்ள வரும், அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுடும். நியூயார்க் நகரத்துல ஜிசுங் பார்க்னு ஒரு ஆய்வாளர் அங்க ஜூன் மாசம் நடக்கற ஹைஸ்கூல் பரீட்சைய வெயிலோட சேத்து வெச்சுப் பாத்தாரு, 32 டிகிரி தொட்ட நாள்ல எழுதுன பரீட்சைல மார்க் தெளிவா எறங்கி இருக்கு. அவங்க 32க்கே இப்படின்னா நம்ம ஊரு மே மாசத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க. டென்மார்க் ஸ்கூல் புள்ளைங்களை வெச்சு 2016ல வந்த இன்னொரு ஆய்வுல, டெஸ்ட் ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப் போகப் போக மார்க் கொஞ்சம் கொஞ்சமா கொறயுது, ஆனா நடுவுல 20, 30 நிமிஷம் இடைவேளை விட்டா திரும்ப ஏறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நாம என்ன பண்றோம், காலைல ஏழு மணி ட்யூஷன், பகல் பூரா ஸ்கூல், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், அதுக்கு அப்புறம் ராத்திரி ஏழரை மணிக்கு யூனிட் டெஸ்ட். அந்த மார்க்கைப் பாத்துட்டு புள்ளைக்குக் கணக்கு வரலன்னு முடிவு கட்டறோம். ஒரு சுண்டல் குடுத்து, பத்து நிமிஷம் தெருவுல ஓடவிட்டு, அப்புறம் பேப்பர் குடுத்துப் பாருங்க.

அதுக்காக எல்லாப் பழியையும் பரீட்சை மேலயே போடறதும் நியாயம் இல்ல. பல நாட்டுல 15 வயசுப் புள்ளைங்களுக்கு வெக்கற பிசா தேர்வோட 2009 சுற்றுல இந்தியா சார்பா தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகிட்டாங்க, ரிசல்ட் 2011 கடைசில வந்துச்சு, கலந்துகிட்ட 74 நாடு, பகுதிகள்ல நாம கடைசி வரிசைல இருந்தோம். அந்த மாதிரி நீளமான பத்தியும் கேள்வியும் நம்ம புள்ளைங்களுக்குப் பழக்கம் இல்லங்கறது உண்மை, அதே அளவுக்கு, படிச்சதை வெச்சு யோசிக்கச் சொல்லித் தரலங்கறதும் உண்மை. நடத்தற விதம் மார்க்கைப் பொய்யா ஏத்தியும் விடும். ஆந்திராவுல அபிஜித் சிங்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் பாத்ததுல, டீச்சருங்களே ஹால்ல நின்னு நடத்துன பேப்பர் டெஸ்டுல மார்க் நெசத்தை விட ரொம்ப அதிகமா வந்துச்சு, அதையே டேப்லெட்ல வெச்சப்ப அந்தப் பொய்யான ஏத்தம் பெருமளவுக்குக் கொறஞ்சுடுச்சு. ஹால்ல ஒன் வேர்டு ஆன்சர் சொல்லிக் குடுக்கற மனுஷங்க புள்ளைக்கு நல்லது பண்றதா நெனைக்கறாங்க, ஆனா எழுத்துக்கூட்டத் தெரியாத புள்ளை 80 மார்க்கோட மேல் வகுப்பு போனா அதுக்கு உதவி தேவைன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். அதுவும் அநியாயம்தான்.

டெஸ்டே வேணாம்னு சொல்ற ஆளும் நான் இல்ல. ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க 2006ல காட்டுன விஷயம் எனக்கு தெனமும் உதவுது. ஒரு பாடத்தை திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப, நடுவுல புக்க மூடிட்டு ஞாபகப்படுத்தி எழுதிப் பாத்தவங்கதான் அதிகமா சொன்னாங்க. அதனால எங்க சென்டர்ல டெஸ்டு நெறய உண்டு, சின்னச் சின்னதா, மார்க் இல்லாம, தப்பு விட்டா அங்கயே திருத்திக்கற மாதிரி. பத்தாவது புள்ளைங்களுக்கு மட்டும் ரிவிஷன் சமயத்துல பொதுத் தேர்வு மாதிரியே, பத்து மணிக்கு பேப்பர், படிக்கற நேரத்துல பேனா கீழ, அடிஷனல் ஷீட் வேணும்னா எழுந்து நின்னு கேக்கறது, கடைசில நூல் கட்டறது வரைக்கும் செஞ்சு பழக்கறோம். ஹால்ல எதுவும் புதுசா இருக்கக் கூடாது, கேள்வி மட்டும்தான் புதுசா இருக்கணும்.

கடைசியா பெத்தவங்களுக்கு ஒரு விஷயம், இது நெறய பேருக்குத் தெரியவே மாட்டேங்குது. எழுத்து மாறி மாறித் தெரியற புள்ளைங்க, அதாவது டிஸ்லெக்சியா இருக்கறவங்க, கண்ணு, காது, கை கால்ல குறை இருக்கறவங்க, இவங்களுக்கு சலுகை சட்டப்படி இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் வருது, 2018 மத்திய அரசு வழிகாட்டுதல்ல மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாம கூடுதல் நேரம் தரணும்னு இருக்கு. நம்ம பத்தாவதுல ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா, சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்குன்னு புள்ளையோட நெலமையப் பொறுத்துக் கெடைக்கும். ஆனா தானா வராது, மருத்துவச் சான்றிதழ் வாங்கி, ஹெட்மாஸ்டர் மூலமா அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பம் போகணும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாதீங்க, ஜூன்ல ஸ்கூல் தொறந்த ஒடனே போயி கேளுங்க. பையன் சோம்பேறி, எழுத மாட்டேங்கறான்னு நீங்களே முத்திரை குத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரில காட்டிடுங்க. கடலூர்ல நம்ம பக்கத்து ஊருக்காரங்க யாருக்காவது அந்த ஃபார்ம் நிரப்பத் தெரியலன்னா சொல்லுங்க, கூட ஸ்கூலுக்கும் வரேன், ஆஸ்பத்திரிக்கும் வரேன்.